பதினான்கு கிலோமீற்றர்

புர்க்டோர்பில இருந்து சுமிஸ்வால்ட்
பதினான்கு கிலோமீற்றர்.
வேலைப் படிவத்தில அப்பிடித்தான் எழுதுறன்.
மிச்சப் பெற்றோல்
என்ர காசு.

காலமை ஆறு இருபது, ஐப்பசி இருட்டு.
ஹாஸ்லே தாண்ட டயருக்குக் கீழ ஒரு 'டொக்'.
உழவு மெசின் சிந்திப்போட்டுப் போன மண்கட்டி.
மண்கட்டிதான்.
மண்கட்டிதான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

சைக்கிளில பள்ளிக்கூடம் போற பிள்ளையள்
இந்த ரோட்டாலதான் போகுங்கள்.
ஒண்டு விழுந்து கிடந்தால்?
நான் பாக்காமல் போனால்?

சுற்றுவட்டத்தில திருப்புறன்.
கிடக்கு மண்கட்டி, ரெண்டாய் உடைஞ்சு.
நிம்மதி,
ஒரு நெருப்புக்குச்சி எரியிற நேரம்.
பிறகு:
திரும்பி வரேக்க ஆரையும் தட்டினனோ?

அந்த வட்டத்தை ஒருநாள் ஐஞ்சு தரம் சுத்தினன்.
கோயிலெண்டால்
புண்ணியமாவது கிடைச்சிருக்கும்.

இன்சுலின் ஊசிக்குக் காத்திருக்கிற லூத்தி ஐயா
கதவைத் திறந்து
என்னைப் பாக்க முதல் மணிக்கூட்டைப் பாப்பார்.
"ரோட்டெல்லாம் ஐஸ்" எண்டுவன்.
ஒருக்கா ஓகஸ்டிலயும் ஐஸ் எண்டு போட்டன்.
அவர் ஒண்டும் சொல்லேல்ல,
வயித்துச் சேட்டை உயர்த்தினார்.

டொச்சில இதுக்குப் பேர் ட்சுவாங்.
கம்பி அறுந்து தெறிக்கிற சத்தம் மாதிரி.
அம்மா டெலிபோனில கண்ணூறு எண்டா.
அக்கா, சண்டைக்க வளர்ந்ததால எண்டாள்.
அவளும் அதே சண்டைக்கதான் வளர்ந்தவள்,
ஜெனீவா வரைக்கும் ஒருக்காலும் திரும்பாமல் ஓடுவாள்.
வேலையில ஒருத்தி
கோப்பையளை ஒரே நிரையில வைச்சிட்டுச் சிரிக்கிறாள்:
"எனக்கும் கொஞ்சம் ஓசிடி."
என்ர வீட்டு சிங்கில
மூண்டு நாள் சட்டி ஊறுது, தங்கச்சி.

இரவில குகதாசனைக் கேப்பன்.
"நான் ஆரையும் அடிச்சிருப்பனோ?"
"இல்லையப்பா."
"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."
"இல்லையப்பா."
அந்த மனுசன் காரிலயே இருக்கேல்ல.
எண்டாலும் அவற்ர இல்லை எனக்கு வேணும்.
பதினொராவது இல்லை
தலை தேய்ஞ்ச காசு,
எந்தக் கடையிலயும் மாறேலாது.
பன்னிரண்டாவதைக் கேப்பன்.

ஏபர்சோல்ட் அம்மா அவரையும் கூப்பிட்டு இருத்தினா.
"நீங்கள் சொல்லுற இல்லைதான்
இவவுக்கு ஊத்துற பெற்றோல்" எண்டா.
குகதாசன் தன்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டிருந்தார்.

அண்டிரவு கேட்டன்.
அவர் சோத்துக் கோப்பையைக் கீழ வைச்சார்.
"தெரியாது."
"என்ன?"
"எனக்குத் தெரியாது, வாணி."
குரல் நடுங்கினது.
கல்நெஞ்சுக்காரன் எண்டு கத்தினன்.
உன்ர பிள்ளை ரோட்டில கிடந்தாலும்
இப்பிடித்தான் சொல்லுவியோ எண்டன்.
அவர் எழும்பிப் போய்
மூண்டு நாள் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினார்.
கனநேரம் தேய்ச்சார்.
தண்ணிச் சத்தம் நிண்ட பிறகும்
அங்கயே நிண்டார்.

இப்ப எனக்கு வீட்டுப்பாடம் உண்டு.
'டொக்' எண்டால் திருப்பக் கூடாது.
கண்ணாடியில ஒருக்காப் பாக்கலாம், ரெண்டாந்தரம் இல்லை.
ரேடியோவில விபத்துச் செய்தி தேடக் கூடாது.
வாய்விட்டுச் சொல்ல வேணும்:
ஒரு பிள்ளை கிடக்கலாம்.
கிடக்காமலும் இருக்கலாம்.

இதைச் சொல்லிக்கொண்டு கார் ஓட்டிப் பாருங்கோ.
ராம்சாய் வரைக்கும்
நெஞ்சுக்க ஒரு ஆள் ஸ்டியரிங்கைப் பறிக்குது.
கை வேர்த்து வழுக்குது.
சுற்றுவட்டம் வருது,
வா வா எண்டு வளைஞ்சு கிடக்குது.
ரெண்டாவது வழியால வெளிய வாறன்.
மாடுகள் நிக்குது. பால் லொறி ஒண்டு போகுது.
உலகம் எனக்கு ஒரு உறுதியும் எழுதித் தரேல்ல.
முந்தியும் தந்ததில்லை எண்டு
இப்பதான் விளங்குது.

லூத்தி ஐயா இன்னும் பல்செட் போடேல்ல.
"நேரத்தோட வந்திட்டாய்" எண்டு
வாயைக் கையால மூடுறார்.

வியாழன் திருப்பினன், ரெண்டு தரம்.
உள்ளதைச் சொல்ல வேணுமே.

வெள்ளி பின்னேரம் படிவத்தில
பதினான்கு எண்டு எழுதினன்.
மீற்றரை எட்டிப் பாத்தன்,
ஒருக்காத்தான்.
பதினான்குதான்.